விழுந்துகொண்டே இருந்த மந்திரவாதி

என் பேத்தி கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்குக் கதை எழுதிக் கொடுக்கிற வேலையில் இருக்கிறாள். இதற்கும் மாதச் சம்பளம் தருவார்கள் என்பதை எங்கள் தெருவில் இன்னும் யாரும் நம்பவில்லை. போன ஆடித் தபசுத் திருவிழாவுக்கு லீவு கிடைக்காமல், கம்ப்யூட்டரையும் தூக்கிக்கொண்டு சங்கரன்கோவிலுக்கு வந்திருந்தாள். வாசலில் சப்பரத்துக்கு மேளம் போகிறது, இவள் காதை அடைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறாள். என்னம்மா அப்படி யோசனை என்று கேட்டேன்.

"ஒரு மந்திரவாதி ஆச்சி. சூரியனே இல்லாத இருட்டுப் பிரபஞ்சம். பெரிய ஆளா இருந்தவன் கீழ விழுந்துடுதான். ஏன் விழுந்தான்னு எனக்கு இன்னும் அமையலை."

"கையைச் சுட்டுக்கிட்டிருப்பான்" என்று சொல்லிவிட்டேன்.

அவள் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள். எனக்குக் கூச்சமாகப் போயிற்று. உலை கொதிக்கிறது என்று எழுந்து வந்துவிட்டேன். ஒருவர் முகத்தைப் பார்த்து நீளமாகப் பேச எனக்கு எப்போதும் வராது. எழுதினால் யாரும் நம் முகத்தைப் பார்க்கப் போவதில்லை.

அப்படி ஒரு மந்திரவாதியை எனக்குத் தெரியும். அவனை உண்டாக்கியது என் தாய்மாமன்.

எங்கள் வீடும் பெரியப்பா வீடும் ஒட்டினாற்போல இருக்கும். முன்வாசல் தனித்தனி, புறவாசலும் கிணறும் பொது. அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து மிளகாய் வத்தல் கடை வைத்திருந்தார்கள். பெரியப்பாவுக்கு ஒரே மகள். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள், எனக்கு அக்கா. அவளை என் அம்மாவின் கடைசித் தம்பிக்குக் கொடுப்பது என்று பேசி, வெற்றிலையும் மாற்றியிருந்தார்கள்.

அந்த வருஷம் ஆடித் தபசுக்கு மாயாஜாலக் கம்பெனி ஒன்று வந்து கூடாரம் போட்டது. பெட்டிக்குள் ஏறும் பெண்ணை மறைய வைப்பார்கள் என்று நோட்டீஸ் கொடுத்தார்கள். மாமா தினமும் போய்ப் பார்த்தார். தபசு முடிந்து கம்பெனி ஊரைவிட்டுப் போனது, மாமாவும் போய்விட்டார். பெட்டி இல்லாமலே எங்கள் வீட்டு ஆளை மறைய வைத்துவிட்டார்களே என்று கடையில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்களாம். பெரியப்பா சிரிக்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து மாமா திரும்பி வந்தார். ஒரு தகரப் பெட்டி, அதற்குள் ஜிகினா நட்சத்திரம் ஒட்டிய கறுப்புக் கோட்டு. வலது கையைத் துண்டால் சுற்றியிருந்தார். ஏதோ நெருப்பு வித்தை, மருந்து வெடித்துவிட்டதாம். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. அந்தக் கையால் இனி ஒரு சீட்டைக்கூட மறைக்க முடியாது.

அம்மா அழுது முடிப்பதற்குள் பெரியப்பா கிணற்றடியில் வந்து நின்று, அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"ஒம் மச்சினன் ஒன் வீட்டுல இருக்கட்டும். நான் வேண்டாங்கலை. ஆனா பொறவாசலுக்கு அவன் தலை தெரிஞ்சுதுன்னா நீயும் நானும் கடையை ரெண்டாப் பிரிச்சிக்கிடுவோம்."

அன்றிலிருந்து மாமா புறவாசலுக்கு வருவதில்லை. குளிக்கக்கூடத் தெருக் குழாய்க்குத்தான் போவார். அக்கா எங்கள் வீட்டுக்குள் வருவதில்லை. மாற்றிய வெற்றிலையை யாரும் திருப்பித் தரவும் இல்லை, அதைப் பற்றிப் பேசவும் இல்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவே தடையில்லாமல் போய்வந்த ஆள் நான் ஒருத்திதான். அப்போது எனக்கு எட்டு வயது.

வத்தல் வரும் காலத்தில் கடையில் இருந்து மூட்டை மூட்டையாக வீட்டுக்கு வரும். காம்பு கிள்ளிக் கொடுக்க வேண்டும். மாமா வீட்டுக் கூடமான பட்டாசலில் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்து இடது கையால் கிள்ளுவார். பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் எதிரே உட்காருவேன். மூக்கில் நெடி ஏறும், கை எரியும். அது தெரியாமல் இருக்க வேண்டும் என்றுதான் அவர் கதையை ஆரம்பித்திருக்க வேண்டும்.

நிலாவில் மனுஷன் இறங்கினதை ஊர் பேசிப் பேசி ஓய்ந்திருந்த சமயம் அது. மாமாவுக்கு அது பெரிதாகப் படவில்லை.

"நிலா பக்கத்து வீடு மக்கா. மதில் ஏறிக் குதிக்கிற தூரம். நான் சொல்லுதது அதுக்கும் அங்கன, அங்கன, ரொம்ப அங்கன."

அங்கே சூரியன்கள் எல்லாம் அணைந்துவிட்டன. எரிந்து முடிந்த கரிக்கட்டைகளாக ஆகாயம் முழுக்கத் தொங்குகின்றன. மண் என்பதே கிடையாது. ஜனங்கள் இரும்புக் கோட்டைகளில் மிதக்கிறார்கள். கோட்டைக்குள் தெரு உண்டு, கோயில் உண்டு, சந்தை உண்டு; வானம் மட்டும் இல்லை. ஆட்சி செய்வது ஓர் இயந்திர ராசா. அதற்குக் கரியும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். மனுஷனுடைய ஞாபகத்தைத் தின்றுதான் அது ஓடும். ஒருநாள் வெளிச்சம் வேண்டுமென்றால் ஒரு ஞாபகத்தைக் கொடுக்க வேண்டும். முதலில் ஜனங்கள் வேண்டாத ஞாபகமாகப் பொறுக்கிக் கொடுத்தார்கள்: பல்வலி, வாத்தியார் அடித்த அடி, கல்யாண வீட்டில் பந்தி கிடைக்காமல் திரும்பியது. அதெல்லாம் தீர்ந்த பிறகு நல்லதிலும் கை வைக்க வேண்டியதாயிற்று. அம்மா முகத்தைக் கொடுத்துவிட்டு, அப்படி வாங்கிய வெளிச்சத்தில் அம்மாவைப் பார்த்தே 'நீங்க யாரு' என்று கேட்கிற பிள்ளைகள் அங்கே இருந்தார்கள்.

அதைக் கேட்ட அன்று நான் அடுப்பங்கரைக்கு ஓடிப்போய் அம்மாவை ஒருதரம் பார்த்துவிட்டு வந்தேன். "என்னட்டி முழிக்கே?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

அந்தக் கோட்டையில் ஒரு மந்திரவாதி. உள்ளங்கையில் வெளிச்சத்தை வரவழைப்பான். அவனைப் போல மந்திரம் படித்தவன் இல்லை. அணைந்துபோன ஒரு சூரியனையாவது திரும்பப் பற்ற வைத்துவிட்டால் யாரும் எதையும் மறக்க வேண்டியதில்லை என்று அவனுக்கு ஓர் ஆசை. அந்த மந்திரம் ராசாவிடம் இருந்தது. அதற்கு விலையாக ராசா அவன் பேரைக் கேட்டது. கொடுத்துவிட்டான். அந்த நிமிஷமே கோட்டையில் யாருக்கும் அவன் பேர் ஞாபகத்தில் இல்லாமல் போயிற்று, அவனுக்கும்தான். சூரியன் பற்றிக்கொண்டது. ஒரு தீக்குச்சி எரிகிற நேரம் எரிந்தது. பிறகு வெடித்தது. கை கருகி, கோட்டையின் விளிம்பில் இருந்து விழுந்தான்.

"எங்கன விழுந்தான்?" என்று கேட்டேன்.

"எங்கனயும் விழலை. விழுந்துக்கிட்டே இருக்கான். அங்கனதான் தரை கெடையாதே."

இதை என்னால் தாங்க முடியவில்லை. மரத்தில் இருந்து விழுந்தால் அடிபடும், அழலாம், யாராவது தூக்குவார்கள். விழுந்துகொண்டே இருப்பவன் என்ன செய்வான்? புறவாசலுக்குப் போய்க் கிணற்றுக்குள் ஒரு கல்லைப் போட்டுப் பார்த்தேன். அக்கா தண்ணீர் இறைக்க வந்து நின்றாள்.

"ஏட்டி, கெணத்துக்குள்ள என்ன போட்டே?"

"கல்லு."

"என்னத்துக்கு?"

"தரை இருக்கான்னு பாக்கேன்."

அவள் விடவில்லை. முழுக் கதையையும் சொல்ல வேண்டியதாயிற்று. வாளியை உள்ளே விட்டவள், இழுக்காமல் கயிற்றைப் பிடித்தபடி கேட்டாள்.

"கையா கருகிட்டு? எந்தக் கை?"

எனக்குத் தெரியவில்லை. ஓடிப்போய் மாமாவிடம் கேட்டேன். மாமா புறவாசல் பக்கமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சோத்துக் கை" என்றார். ஓடிவந்து சொன்னேன்.

"பெறவு எப்படிச் சாப்பிடுதானாம்?"

மறுபடி ஓடினேன். மாமா குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இடது கையால. பாக்கவங்க மொகம் சுளிப்பாங்கன்னு எல்லாரும் சாப்பிட்டு எந்திச்ச பெறவு தனியாச் சாப்பிடுதான்."

அக்காவிடம் வந்து அதைச் சொன்னேன். வாளி பாதிக் கிணற்றிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

இப்படித்தான் ஆரம்பமாயிற்று. தினமும் கதையைக் கேட்பேன். தினமும் கிணற்றடியில் ஒப்பிப்பேன். பள்ளிக்கூடத்தில் நாலு வரிப் பாட்டு ஒப்பிக்கத் தெரியாதவள் இதில் ஓர் எழுத்துப் பிசகமாட்டேன். அக்கா முதலில் நக்கலாகத்தான் பேசினாள்.

"சூரியனைப் பத்த வைக்கப் போனானாக்கும் தொரை! அடுப்பைப் பத்த வைக்கத் தெரியுமான்னு கேளு."

நான் போய்க் கேட்டதும் மாமா சிரித்தார். ஊருக்குத் திரும்பி வந்த பிறகு அவர் சத்தமாகச் சிரித்தது அன்றுதான். அம்மா கரண்டியோடு வெளியே வந்து எட்டிப் பார்த்தாள். "முன்ன தெரியாது. இப்போ ஒத்தக் கையாலயே பத்த வைப்பான்னு சொல்லு" என்றார். அக்கா அதைக் கேட்டுவிட்டுத் தாவணி முனையால் வாயை மூடிக்கொண்டு திரும்பிக்கொண்டாள். முதுகு குலுங்கியது.

கோட்டையின் கடைசி ஜன்னலில் ஒரு பெண் விளக்கு வைக்கிறாள் என்று மாமா சொன்னது அதற்கு மறுநாள். மந்திரவாதி ராசாவிடம் போனபோது அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளவில்லை. ஆனாலும் அவள் விளக்கு வைக்கிறாள். ஒவ்வொரு நாள் வெளிச்சத்துக்கும் தன் ஞாபகம் ஒன்றைக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

"அவளுக்கு என்ன கிறுக்கா?" என்றாள் அக்கா. "விட்டுட்டுப் போனவனுக்கு எதுக்கு வெளக்கு வைக்கணும்? கேளு."

மாமா வெகுநேரம் கிள்ளிக்கொண்டே இருந்தார். "அதுதான் அவனுக்கும் தெரியலை மக்கா. தெரிஞ்சவங்க யாரும் இருந்தா சொல்லச் சொல்லு."

அக்கா யோசித்துச் சொன்னாள். "அவனுக்காக ஒண்ணும் வைக்கலை. இருட்டா இருந்துச்சு, வச்சா. அவ்வளவுதான்னு சொல்லு." சொல்லிவிட்டு, நான் சரியாகச் சொல்வேனா என்று என்னை ஒருமுறை சொல்ல வைத்துக் கேட்டாள். பிறகு இன்னொரு முறையும் சொல்லச் சொன்னாள்.

எனக்கு அவர்கள் இரண்டு பேர் மேலும் கோபம்தான். அவன் அங்கே விழுந்துகொண்டிருக்கிறான். இவர்கள் சோறு, அடுப்பு, விளக்கு என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவனை எப்படி நிறுத்துவது என்று யாரும் கேட்கவில்லை.

இந்த இடத்தில் எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கட்டினவன் பேரைப் பெண்கள் வாயால் சொல்ல மாட்டார்கள், 'இந்தாருங்க' என்றுதான் கூப்பிடுவார்கள். பரிசம் போட்டு, வெற்றிலை மாற்றிவிட்டாலே பேர் நின்றுபோகும். என் அப்பாவுக்கு ஊர்ச் சாமியின் பேர். அதனால் அம்மாவுக்கு ஊர்ப் பேரே வாயில் வராது. புளியங்குடிக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பும்போது ஒருதரம், "கோயிலுக்கு ஒண்ணு" என்று டிக்கெட் கேட்டாள். கண்டக்டர் புதுசு. "எந்தக் கோயிலு?" என்றார். "அந்தப் பெரிய கோயிலு." "பெரிய கோயிலுன்னா தஞ்சாவூருக்கா போறிய?" பஸ்ஸே சிரித்தது. அம்மா என் தொடையில் கிள்ளினாள். நான் ஊர்ப் பேரைக் கத்தினேன். கூட்டத்தில் பேச எனக்கு இருக்கும் பயம் அந்தக் கிள்ளலில் இருந்து வந்ததோ என்னவோ.

அக்காவும் அப்படித்தான். முன்பெல்லாம் மாமாவை வாய் நிறைய மாமா என்று கூப்பிட்டவள், வெற்றிலை மாற்றிய பிறகு 'உங்க மாமா' என்றுதான் என்னிடம் சொல்வாள். அவர் ஓடிப்போன பிறகும் அப்படியே சொன்னாள்.

அந்த மாசியில் பெரியப்பா வீட்டுக்கு ஒரு கூடை எலுமிச்சம்பழம் வந்தது. புளியங்குடியில் எலுமிச்சை மண்டி வைத்திருப்பவர் வீட்டில் இருந்து. நல்ல குடும்பம், நிதானமான பையன், அக்காவைக் கேட்கிறார்கள் என்று அம்மா பட்டாசல் கேட்கும்படி சொன்னாள். மாமா தலை நிமிரவில்லை. ஆனால் அன்று கதை வேகமாக ஓடியது.

ஜன்னலில் விளக்கு வைக்கிறவளிடம் ஞாபகங்கள் எல்லாம் தீர்ந்துவிட்டன. ஒன்றே ஒன்று மிச்சம். மந்திரவாதியின் பேர். ராசா எல்லாரிடம் இருந்தும் பிடுங்கிக்கொண்டபோது அவள் மட்டும் அதை நாக்குக்கு அடியில் ஒளித்து வைத்துக்கொண்டாள். நாளைக்கு விளக்கு வேண்டுமென்றால் அதையும் கொடுத்தாக வேண்டும். கொடுத்துவிட்டால் அவன் இருந்ததற்கே அடையாளம் இருக்காது.

"கொடுக்காம இருந்தா?"

"ஜன்னல்ல நின்னு அந்தப் பேரைச் சொல்லி ஒருதரம் கூப்பிட்டாப் போதும். அவன் காலுக்குக் கீழ தரை வந்துரும்."

எனக்கு உயிர் வந்தது. ஒரே ஓட்டம். அக்கா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்கச் சொன்னேன். அவள் கை நின்றது. காதுமடல் வரை சிவந்து போயிற்று. தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"பேரைச் சொல்லியா கூப்பிடணுமாம்?"

"ஆமா."

"வேற எப்படியும் கூப்பிடக் கூடாதாமா? இந்தாருங்கன்னு கூப்பிட்டா தரை வராதாமா?" இதைச் சொல்லிவிட்டு, கீரைக் காம்பை விரலில் சுற்றிக்கொண்டே, "ஏட்டி, போய்க் கேட்டுட்டு வா" என்றாள். குரலே கேட்கவில்லை.

நான் அப்படியே போய்ச் சொன்னேன். மாமா கையில் இருந்ததைக் கீழே வைத்தார். முகத்தில் ஏதோ வந்து போனது. பிறகு தலையை ஆட்டினார்.

"வராது. இந்தாருங்கன்னா ஆயிரம் பேர் திரும்பிப் பாப்பான். ராசா புடுங்குனது பேரைத்தானே? பேரைச் சொன்னாத்தான் தரை."

அடுப்பங்கரை வாசலில் அம்மா நின்றிருந்தாள். "ஏலே கூறுகெட்டவனே," என்றாள், "பொம்பளைப் பிள்ளை இதுக்கு மேல எப்படிலே சொல்லும்?"

"கதை அப்படித்தான்க்கா இருக்கு" என்றார் மாமா.

மாமாவை இப்போது குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கம்பெனியில் அவருக்கு வேறு பேர் வைத்திருந்தார்கள், முன்னால் புரொபசர் என்று பட்டமும் போட்டு. இரண்டு வருஷம் அவருடைய சொந்தப் பேரை யாரும் கூப்பிடவில்லை. அதைக் கேட்க அவ்வளவு ஏக்கம் இருந்திருக்கும். கம்பெனிப் பெண்கள் ஆண்களைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்களாம். பழகிய இடத்தில் எது சுலபமோ அது எல்லா ஊரிலும் சுலபம் என்று நினைத்துவிட்டார்.

நான் போய்ச் சொன்னதும் அக்கா மிச்சக் கீரையை உருவி முடித்தாள். காம்பையெல்லாம் கூட்டி அள்ளினாள். "அப்போ விழுந்துக்கிட்டே இருக்கட்டும்" என்றாள். அதை ஒப்பித்துக் காட்டு என்று கேட்கவில்லை. அதன் பிறகு கதையும் கேட்கவில்லை. நானாக ஆரம்பித்தாலும், "படிக்கிற பிள்ளை, போய்ப் படி" என்று விரட்டினாள்.

மாமாவும் கதையை நிறுத்திவிட்டார். அம்மா அவரைத் தனியாகப் பிடித்து என்னென்னவோ சொன்னாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு வத்தல் குவியலைப் பார்த்தபடி இருந்தார். சில நாள் அப்படியே போயிற்று. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் திடீரென்று என்னைக் கையைப் பிடித்து இழுத்தார். முகம் சவரம் செய்து பளிச்சென்று இருந்தது.

"மக்கா, போய்ச் சொல்லு. பேர் வேண்டாம். இந்தாருங்கன்னாலே போதும். அதுவும் வேண்டாம். ஜன்னல்ல நின்னு சும்மா ஒரு இருமல் இருமினாப் போதும், தரை வந்துரும்னு சொல்லு. ஓடு."

புறவாசல் வழியாக ஓடினேன். பெரியப்பா வீட்டில் ஒரே கூட்டம். சமுக்காளம் விரித்து, வாழைப்பழத் தாரும் தாம்பாளமுமாகப் புளியங்குடிக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். சின்னப் பிள்ளை என்பதால் என்னை யாரும் தடுக்கவில்லை. உள்ளறையில் அக்கா பட்டுச் சேலை கட்டி, தலை நிறையப் பூவோடு உட்கார்ந்திருந்தாள். இரண்டு பெண்கள் அவளுக்கு வளையல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் அவள் மடியில் ஏறி, காதோடு வாயை வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். இருமலைக்கூட விடவில்லை.

அவள் என் கன்னத்தைத் தடவினாள். வளையல் சிணுங்கியது.

"கதையை மாத்தக் கூடாதுட்டி" என்றாள்.

அவ்வளவுதான். திரும்பி வந்து அதையும் சொன்னேன். மாமா கேட்டுக்கொண்டார். போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து குவியலுக்கு முன்னால் உட்கார்ந்தார்.

உச்சிப் பொழுதுக்கு வெற்றிலை மாற்றி, புளியங்குடிக்காரர்கள் சாப்பிட்டுக் கிளம்பினார்கள். அதன் பிறகு சொந்தக்காரர்களுக்குப் பந்தி. அப்பாவும் பெரியப்பாவும் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றதை அன்றுதான் பார்த்தேன். பெரியப்பா முகத்தில் இரண்டு வருஷமாக இருந்த கடுகடுப்பைக் காணவில்லை. பட்டாசலில் நானும் மாமாவும் மட்டும் இருந்தோம்.

புறவாசல் கதவு திறந்தது. அக்கா வந்தாள். கிணற்றைத் தாண்டி, எங்கள் அடுப்பங்கரையைத் தாண்டி, பட்டாசல் நிலையில் கை வைத்து நின்றாள். பின்னால் அம்மா, பெரியம்மா, இரண்டு மூன்று பெண்கள். மாமா திரும்பிவந்த பிறகு இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவள் பார்வை அவர் கையில் போய் நின்றது. அவர் அதை மறைக்கப் போனார், பிறகு மறைக்கவில்லை.

அக்கா பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

முழுப் பேர். மாமாவுடைய பேர். தெளிவாக, தெருவுக்கே கேட்கிற மாதிரி. அதோடு அண்ணாச்சி என்றும் சேர்த்துச் சொன்னாள்.

அந்தப் பேரை நான் இங்கே எழுதவில்லை. எழுதக் கூடாது என்று எனக்கு ஒரு தடையும் இல்லை. ஆனாலும் அதை நான் அவள் வாயால் கேட்டேன், அப்படியே இருக்கட்டும்.

"…அண்ணாச்சி, அப்பா உங்களச் சாப்பிட வரச் சொன்னாவ. எலை போட்டாச்சு."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கோ தலைகால் புரியவில்லை. சொல்லிவிட்டாள்! இருமினால் போதும் என்று விட்டுக்கொடுத்த பிறகும், கஷ்டமானதையே செய்துவிட்டாள். நான் வத்தல் குவியலைச் சுற்றிச் சுற்றிக் குதித்தேன். காம்பெல்லாம் காலில் மிதிபட்டது, யாரும் திட்டவில்லை.

"இந்தா வாரேன்மா" என்றார் மாமா. அவர் அக்காவை அப்படி 'அம்மா' போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. எழுந்து, தெருக் குழாய்க்குப் போகாமல் புறவாசலுக்கே வந்து, கிணற்றடியில் கை கால் கழுவினார். பெரியப்பா, "வாருமய்யா, உக்காரும்" என்று தன் பக்கத்தில் இலை காட்டினார். எல்லாருக்கும் நடுவே உட்கார்ந்து மாமா இடது கையால் சாப்பிட்டார். ஒருத்தர் முகம் சுளிக்கவில்லை. அக்காதான் பாயசம் ஊற்றி வந்தாள். போதுமா என்று கேட்டாள். இன்னும் கொஞ்சம் விடச் சொன்னார்.

அக்கா புளியங்குடியில் நன்றாகத்தான் வாழ்ந்தாள். மாமாவுக்கும் இரண்டு வருஷத்தில் பனவடலிசத்திரத்தில் பெண் பார்த்தார்கள். கடையில் எடை போட்டு, பிள்ளை குட்டி பெற்று, வயசாகித்தான் போனார். கதை மட்டும் பிறகு யாருக்கும் சொல்லவில்லை. அவர் பிள்ளைகளுக்கும் சொல்லவில்லை.

அன்றைக்கு நான் அவர் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தேன். சாப்பாடு முடிகிற நேரம் அவர் காதருகே போய் மெதுவாகக் கேட்டேன்.

"தரை வந்துட்டா மாமா?"

"வந்துட்டு மக்கா" என்றார்.

எனக்கு மனசு நிறைந்துபோயிற்று. எத்தனை நாள் கவலை! இனி அவன் விழ மாட்டான், நானும் நிம்மதியாகத் தூங்கலாம் என்று நினைத்தேன். அவ்வளவு உயரத்தில் இருந்து, அவ்வளவு காலமாக விழுந்துகொண்டே இருந்த ஒருவனுக்குத் திடீரென்று தரை வந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.